நாயிடம் ஒப்படைத்த நெல்

நெல் குவியலுக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்க்க வேண்டும். மேலே சில்லென்று இருக்கும். உள்ளே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதுபோலக் கொதிக்கும். அப்படிக் கொதித்தால் உடனே பிரித்து ஆறவிட வேண்டும். இல்லையென்றால் ஓரிரு நாளில் முளை எட்டிப் பார்த்துவிடும், அப்புறம் அந்த நெல்லை யாரும் தொட மாட்டார்கள். இருபது வருஷம் பயிர் வைத்த எனக்கு இது தெரியாமல்தான் இருந்தது. அறுத்த நெல்லை அப்படியே வியாபாரியின் வண்டியில் ஏற்றிவிடுவதுதான் எங்கள் வழக்கம். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதம், முதல் தடவையாக வல்லத்துப் பக்கம் இருந்த கொள்முதல் நிலையத்துக்கு நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டி, டோக்கன் வாங்கிக்கொண்டு காத்துக் கிடந்தபோதுதான் தெரிந்துகொண்டேன். சொன்னவள் என் ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. ஆனால் அவள் என்னிடம் சொல்லவில்லை. ஒரு காக்கையிடம் சொன்னாள்.

அப்போது எங்களுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர், இரண்டு நிலத்துக்கும் ஒரே கிணறு. ஒரு கோடையில் யாருடைய முறை என்று தகராறு வந்தது. அவள் முறையில் நாங்கள் மோட்டாரைப் போட்டுவிட்டோம், தப்பு எங்களுடையதுதான். கேட்க வந்தவளைப் பார்த்து நான், "உனுக்கு இன்னாடி வெவசாயம் தெரியும்?" என்று மூத்தவள் என்றும் பாராமல் கேட்டுவிட்டேன். நாக்கில் சனி என்று சும்மாவா சொன்னார்கள். அன்றோடு என் முகத்தைப் பார்த்துப் பேசுவதை அவள் நிறுத்தினாள். நானும் சளைத்தவளா? ஆனால் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்துகொண்டு ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. அதற்குத்தான் எங்கள் ஊரில் ஜாடைப் பேச்சு இருக்கிறது. கோழியைத் திட்டுவதுபோல் என்னைத் திட்டுவாள். துடைப்பத்திடம் சொல்வதுபோல் நான் பதில் சொல்வேன். இரண்டு பேருக்கும் எல்லாம் புரியும்.

கொள்முதல் நிலையத்துக் களத்தில் எனக்கு நாற்பத்தொன்றாம் டோக்கன், அவளுக்கு நாற்பத்திரண்டு. பக்கத்துப் பக்கத்துக் குவியல். லாரி வராததால் எடை போடுவது நாள்கணக்கில் தள்ளிப்போனது. நான் புத்திசாலி என்ற நினைப்பில் தார்ப்பாயை இழுத்து மூடி, காற்று புகாமல் செங்கல் வைத்தேன். இரண்டாம் நாள் காலையில் அவள் மின்கம்பத்தில் உட்கார்ந்திருந்த காக்கையைப் பார்த்து, "நெல்லும் மூச்சு வுடணும் காக்கா. வாய மூடி வச்சா உள்ள வேவாதா? கையவுட்டுப் பாத்தாதான் தெரியும்" என்றாள். ரோஷத்தில் உடனே தார்ப்பாயைத் தொடவில்லை. அவள் தண்ணீர் பிடிக்கப் போனதும் கையை விட்டுப் பார்த்தேன். கொதித்தது. அள்ளிப் பரப்பிய அவசரத்தில் என் நகம் பிய்ந்தது.

அப்படியே பன்னிரண்டு நாள். குவியலைச் சுற்றி மண்ணணைத்து வாய்க்கால் வெட்ட வேண்டும், காற்றடிக்கும் பக்கத்தை முதலில் கட்ட வேண்டும், காலால் வரி வரியாகக் கிளறினால்தான் அடிநெல் காயும் என்று எல்லாவற்றையும் காக்கையும், களத்தில் சுற்றித் திரிந்த கருப்பு நாயும், சில சமயம் அவளுடைய முறமும் கேட்டுக்கொண்டன. நான் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொண்டேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த நெல் தேறுவதில் அவளுக்கு என்ன அடங்கியிருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கணவர் சென்னையில் ஒரு குடியிருப்பில் காவல் வேலை பார்த்தார். அந்தப் பொங்கலுக்கு வந்தவர் எங்கள் எல்லோர் முன்னாலும், "இந்த ஒரு போகம் பாக்கறேன். தேறலன்னா நெலத்த தம்பிக்கே குத்தகைக்கு வுட்டுட்டு நீ பட்டணத்துக்கு வந்துடு" என்று சொல்லிவிட்டார். தம்பி என்றால் என் கணவர். அவள் கரும்பை ஒடித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நாற்று விட்டதிலிருந்து அறுப்பு வரை தனியாளாக நின்றாள். வயல் வரப்பில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

பதிமூன்றாம் நாள். மறுநாள் எங்கள் இரண்டு பேருக்கும் எடை என்று சொல்லிவிட்டார்கள். கடைசிக் காய்ச்சலுக்காக இருவருமே நெல்லைப் பரப்பிவிட்டிருந்தோம். அவள் மகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அன்று செஞ்சி தாலுகா ஆபீஸுக்குப் போயே ஆக வேண்டும். களத்தில் யார் எங்கே போனாலும் பக்கத்துக் குவியல்காரரிடம் 'கொஞ்சம் பாத்துக்குங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவளுக்கு ஒரு பக்கம் களத்தின் ஓரம், மறுபக்கம் நான். கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு குனிந்து, "டேய் கருப்பா, மூணு மணி பஸ்ஸுல வந்துடறேன். நெல்ல பாத்துக்கடா. மேகம் கூடுனா தார்ப்பாய் அங்க மடிச்சி வச்சிருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாய் வாலாட்டியது. நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மேற்கே செஞ்சிக் கோட்டை மலை கண்ணுக்கு மறைந்தால் இருபது நிமிஷத்தில் மழை என்று கணக்கு. இரண்டரை மணிக்கு மேல் நிமிர்ந்து பார்த்தேன். மலை இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் கருமை. களம் முழுக்க ஒரே ஓட்டம். அவரவர் நெல்லை அவரவர் வாரிக் குவித்தார்கள். நானும் குவித்தேன், மூடினேன், காற்றுப் பக்கத்தை முதலில் கட்டினேன். நாலு முனையும் கட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மழை இன்னும் வரவில்லை. பக்கத்தில் அவள் நெல் பாய் விரித்ததுபோல் பரந்து கிடந்தது. மடித்து வைத்த தார்ப்பாய் எட்டும் தூரத்தில் இருந்தது.

நான் மறுபடி குனிந்து என் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டேன். 'நாயிடம்தானே சொன்னாள், என்னிடமா சொன்னாள்' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு இன்னொரு முடிச்சு. அப்புறம் ஒன்று. அப்போது அந்தக் குத்தகை நிலம் என் நினைவில் வந்ததா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். வரவில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய என்னால் முடியாது. கருப்பன் களத்தில் நின்ற டிப்பர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனாவது நாய்.

பஸ்ஸும் மழையும் ஒன்றாக வந்தன. ரோட்டிலிருந்து அவள் ஓடி வந்த ஓட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றுவிட்டது. சான்றிதழ் இருந்த பையைச் சேற்றில் எறிந்துவிட்டுத் தார்ப்பாயை விரித்தாள். காற்று அதைப் பிடுங்கி அவள் முகத்திலேயே அறைந்தது. "யாராச்சும் ஒரு முனைய புடிங்களேன்!" என்று கத்தினாள். அப்போதுதான் என் கால் நகர்ந்தது. ஓடிப்போய்ப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து மூடினோம். மூடி என்ன செய்ய? அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் என் நெல்லை எடை போட்டுவிட்டார்கள். அவள் நெல்லில் மெஷினை வைத்துப் பார்த்துவிட்டு, ஈரம் அதிகம், காய வைத்துத்தான் எடுக்க முடியும் என்றார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஐந்து நாள் அவளோடு நின்று அந்த நெல்லைக் காலால் கிளறினேன், குவித்தேன், பிரித்தேன். அவள் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. காக்கையிடம்கூடப் பேசவில்லை. மண்ணை வாரித் தூற்றியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு நாள் வெயிலும் சரியாக அடிக்கவில்லை. பாதி நெல் தேறியது. மீதியில் வெள்ளை வெள்ளையாக முளை. அது கோழித் தீவனத்துக்குப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் ஊருக்கு வந்தார். எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் போனேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "நெல்ல தெறந்து போட்டுட்டு செஞ்சிக்கு போனா நனையாம இன்னா பண்ணும்? தனியா பாக்க முடியாதுன்னு அப்பவே சொன்னேன். தம்பி, அடுத்த போகத்துலேருந்து நீயே ஓட்டிக்கப்பா" என்றார். என் கணவர் முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல் தவித்தார். அவள் சமையலறை நிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேசாமல் இருந்திருந்தால் அந்த நிலம் எங்கள் கைக்கு வந்திருக்கும்.

"வேணாம் மாமா," என்றேன் அவரைப் பார்த்து. "அக்கா சொல்லிட்டுதான் போச்சு. எனுக்கு நல்லா கேட்டுச்சு. மேகம் வந்தப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். என்னுத மூடிட்டு, அவங்களுத பாத்துக்கிட்டே நின்னேன். நெல்லு நனைஞ்சது என்னாலதான்."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வைக்கு வீட்டில் தனிக் கச்சேரி இருக்கிறது என்று அர்த்தம். அவள் நிலையை விட்டு ஓரடி முன்னால் வந்து, நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"தெரியும். நாலு முனைக்கு நாலு முடிச்சு போதும். நீ ஏழு போட்டிருந்த."

கொட்டுகிற மழையில் நின்றுகொண்டு யாரும் ஏழு முடிச்சுப் போட மாட்டார்கள்; மழைக்கு முன்னால் நேரம் இருந்தவள்தான் போடுவாள். தார்ப்பாயின் முனையை நான் ஓடிவந்து பிடித்தபோதே அவள் என் முடிச்சுகளைப் பார்த்திருக்கிறாள். எல்லாம் தெரிந்துகொண்டே ஐந்து நாள் என்னைப் பக்கத்தில் நிற்க விட்டிருக்கிறாள். கட்டியவரிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் மீசையைத் தடவினார். பிறகு அவளிடம், "சரி, இன்னொரு போகம் பாரு" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "நீ இன்னா வெத வுடப் போற?" என்று கேட்டாள்.

விதையின் பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது, அடக்கவே முடியாத அழுகை.

"அழுதா நெல்லு காயாது," என்றாள். "இன்னா வெதன்னு சொல்லு."