வேனுக்கு அடியில் தூங்கிய அப்பா

எங்கள் அப்பா வேலைக்குப் போகாமல் இருந்து நான் பார்த்ததில்லை. தெப்ராவில் டிவி செய்யும் பெரிய கம்பெனி ஒன்றில் அவர் மெஷின் பழுது பார்ப்பவர். வருடம் முழுக்க லீவு போடாதவர்களுக்குக் கம்பெனி ஏதாவது பரிசு கொடுக்கும். எங்கள் வீட்டுக் காற்றாடி அப்படி வந்ததுதான். குக்கர், குடை, சுவர்க் கடிகாரம் எல்லாமே அப்படித்தான். இந்த வீட்டில் காசு கொடுத்து வாங்கியது மெத்தை ஒன்றுதான் என்று அம்மா சொல்வார்.

நான் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது கம்பெனி ஆள் குறைக்க ஆரம்பித்தது. தானாகவே போக விரும்புகிறவர்கள் முதலில் பெயர் கொடுக்கலாம் என்றார்கள். வேலை பார்த்த வருடத்துக்குத் தக்கபடி பணம் கொடுத்து அனுப்புவார்கள். அதை எல்லாரும் வி.எஸ்.எஸ். என்றார்கள். உலு திராமில் நாங்கள் இருந்த தாமானில், அந்தக் குடியிருப்பில், பாதிப் பேருக்கு அந்தக் கம்பெனிதான் சோறு. கடையில், கோயிலில், துணி காயப்போடும் இடத்தில், எங்கே போனாலும் இதே பேச்சு. உனக்குக் கிடைச்சதா, அவனுக்குக் கிடைச்சதா என்று கேட்டுக்கொண்டார்கள். கிடைத்தவர் வீட்டில் கோழி வெட்டினார்கள். நானும் அதை ஒரு பரிசு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவும் பெயர் கொடுத்தார். காரணம் ஒரு வேன்.

எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேன் அங்கிள் பினாங்கில் மகளோடு போய் இருக்கப்போவதாகச் சொன்னார். வேனையும் அதில் ஏறும் பிள்ளைகளையும் அப்பாவே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். ஆனால் பள்ளி திறப்பதற்குள் முடிவு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வாங்க மாசாயில் ஓர் ஆள் காத்திருந்தார். அப்பா அதற்கான லைசென்ஸைக்கூட எடுத்துவிட்டார். கம்பெனிப் பணம் வந்தால் வேன் எங்களுக்கு. வராவிட்டால் மாசாய்க்கு.

அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. சூப்பர்வைசர் சம்மதித்தால்தான் ஆளை விடுவார்கள். அப்பாவின் சூப்பர்வைசர் சம்மதிக்கவில்லை.

பக்கத்து வீட்டு மாமாவுக்குக் கிடைத்துவிட்டது. அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போவது அபூர்வம். போன நாளிலும் ஸ்டோரில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் படுத்திருப்பார் என்று அவர் மனைவியே சொல்வார். அந்த மாமாதான் வேலியில் சாய்ந்துகொண்டு அப்பாவுக்குப் புத்தி சொன்னார்.

“ஒழுங்கா வேல செய்றவன எவன்யா விடுவான்? என்னயப் பாரு. பேரு கொடுத்த அன்னிக்கே ஓகேன்னுட்டான்.”

“உங்க சூப்பர்வைசர் ஒண்ணும் சொல்லலியா?”

“கையப் புடிச்சுக் குலுக்குனான். கண்ணுல தண்ணி. சந்தோஷத்துலதான்.”

“நான் இப்ப என்ன செய்றது?”

“எம்சி எடு. ஒண்ணு எடு, ரெண்டு எடு. ஆளு கெட்டுப்போயிட்டான்னு அவனே விட்ருவான் லா.”

டாக்டர் எழுதித்தரும் லீவுச் சீட்டைத்தான் எம்சி என்போம். அப்பா அதைக் கையில் தொட்டதுகூட இல்லை.

அடுத்த நாள் கிளினிக்குக்குப் போனோம். வீட்டில் தனியாக விட முடியாது என்று என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் அப்பாவிடம் என்ன செய்கிறது என்று கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணும் செய்யல டாக்டர். நல்லாத்தான் இருக்கேன்.”

டாக்டர் அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவின் முதுகில் கை வைத்தார்.

“இவரு இப்படித்தான் டாக்டர், வாயத் தொறந்து சொல்ல மாட்டாரு. ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுக்குறாரு. குனிஞ்சா நிமிர முடியல. சட்ட போடவே நான்தான் கைய மாட்டி விடுறேன்.”

அம்மா சொன்ன விதத்தில் எனக்கே முதுகு வலித்தது. டாக்டர் அப்பாவின் இடுப்பை அழுத்தி, வலிக்கிறதா என்றார். அப்பா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். அம்மா காலை மிதித்தார். அப்பா “ஆ” என்றார். இரண்டு நாள் எம்சி கிடைத்தது.

முதல் நாள் அப்பா வழக்கம்போல ஐந்து மணிக்கே எழுந்துவிட்டார். குளித்தார். கைலி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு காற்றாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய்க்கு வாஷர் மாற்றினார். அம்மா சமையல் செய்யும் இடத்தில் போய் நின்று, அடுப்பு சரியாக எரிகிறதா என்று குனிந்து பார்த்தார்.

“ஏங்க, நீங்க நோயாளி. போய்ப் படுங்க,” என்றார் அம்மா.

போய்ப் படுத்தார். தூக்கம் வரவில்லை. விடுமுறை என்பதால் வேன் எங்கள் வீட்டு வாசலில்தான் நின்றது. ஓட்டிப் பார்க்கச் சொல்லி வேன் அங்கிள் விட்டுப்போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் அப்பா அதற்கு அடியில் போய்விட்டார். அம்மா என்னை வாசல் கேட் அருகில் உட்கார வைத்தார். கம்பெனி ஆள் யாராவது வந்தால், அப்பா தூங்குகிறார் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது பெரிய உத்தியோகமாக இருந்தது.

சாயங்காலம் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கம்பெனிச் சட்டை. கையில் ஒரு பை ஆப்பிளும் ஒரு டின் பிஸ்கட்டும்.

“பாப்பா, அப்பா இருக்காரா?”

“அப்பா தூங்குறாங்க.”

வேனுக்கு அடியில் டங் டங் என்று சத்தம் கேட்டது. அவர் குனிந்து பார்த்தார். அப்பாவின் இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“வேனுக்கு அடியிலயா தூங்குறாரு?”

“ஆமா. அங்கதான் நல்லா காத்து வரும்.”

சத்தம் நின்றது. அப்பா மெதுவாக வெளியே வந்தார். முகமெல்லாம் கறுப்பு எண்ணெய். வந்தவரைப் பார்த்ததும் எழுந்து நேராக நின்றார். அப்புறம் ஞாபகம் வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்கண்ணே,” என்றார்.

அவர்தான் சூப்பர்வைசர். அப்பாவைவிட வயதில் மூத்தவர். அப்பா எம்சி எடுத்தார் என்றதும் ஏதோ பெரிய வியாதி என்று பயந்து, வேலை முடிந்த கையோடு வந்திருக்கிறார்.

“முதுகு எப்படி இருக்கு தம்பி?”

அப்பா இடுப்பிலிருந்து கையை எடுத்தார்.

“முதுகு நல்லாருக்குண்ணே. பொய் சொல்லித்தான் எம்சி வாங்கினேன்.”

சூப்பர்வைசர் ஆப்பிள் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அம்மா உள்ளேயிருந்து வடையும் தேத்தண்ணியும் கொண்டுவந்தார். இந்த மாதிரி நேரத்தில் அம்மாவுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

“உன்ன விட்டுட்டா மெஷின யாரு பாக்குறது?” என்றார் சூப்பர்வைசர். “தூங்குறவனெல்லாம் போயிட்டான். உன்னயும் அனுப்பிட்டா நான்தான் ஸ்பேனர் புடிக்கணும்.”

“எனக்கு இந்த வேன் வேணும்ணே. பள்ளிக்கூடம் தொறந்துட்டா கெடைக்காது.” அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. அதையே வேறு மாதிரி ஒரு தடவை சொன்னார். “இது போனா எனக்கு வேற இல்ல.”

சூப்பர்வைசர் வடையைத் தின்று முடித்தார். பிறகு வேனைச் சுற்றி வந்தார். கதவைத் திறந்து ஓட்டும் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தார். அப்பா கீழே நின்றார். நான் அப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலையில் எத்தனை மணிக்கு எடுக்கணும் என்று கேட்டார். எந்தெந்தத் தாமானுக்குப் போகணும், டீசல் எவ்வளவு குடிக்கும், சாயங்கால டியூஷனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா, லைசென்ஸ் எடுக்க வயது பார்ப்பார்களா என்றெல்லாம் கேட்டார். அப்பா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்.

“நீங்களும் பேரு கொடுக்க வேண்டியதுதானே அண்ணே?” என்று அம்மா கேட்டார்.

“எங்களுக்கெல்லாம் அது கெடையாதும்மா. கடைசி ஆளு போற வரைக்கும் நாங்க இருக்கணுமாம்.”

“அப்ப உங்க வேல கெட்டி.”

அவர் தலையாட்டினார். ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

“ரெண்டாவது வேன் வாங்கினா ஒரு ஆளு வேணும்ல தம்பி? சொல்லு, வந்துர்றேன்.”

“மொதல்ல இதுக்கு வழியப் பாக்குறேண்ணே,” என்றார் அப்பா. அம்மா சிரித்தார். அப்பாவும் சிரித்தார். எல்லாரும் சிரித்ததால் நானும் சிரித்தேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, “இனிமே யாராச்சும் வந்தா, அப்பா கடைக்குப் போயிருக்காருன்னு சொல்லு. அதத்தான் நம்புவாங்க,” என்றார்.

அடுத்த வாரம் அப்பா வேலையிடத்திலிருந்து அம்மாவுக்குப் போன் செய்தார். “கெடச்சிருச்சு,” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அம்மா சத்தம் போட்டுச் சிரித்தது எதிர்வீட்டில் நாங்கள் மக்சி என்று கூப்பிடும் மலாய்க்கார ஆன்ட்டிக்குக் கேட்டது. அவர் வாசலுக்கு வந்து என்ன விசேஷம் என்றார். அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்று நான் குதித்துக்கொண்டே சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்து, அம்மாவின் தோளைத் தடவிக் கொடுத்தார். அம்மா விளக்கிச் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். குவே நன்றாக இருந்தது.

பள்ளி திறந்த அன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேன் ஓட்டினார். எல்லாப் பிள்ளைகளையும் மணி அடிப்பதற்கு ரொம்ப முன்னாலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டார். கேட்கூடத் திறக்கவில்லை. காவல்கார ஜாகா வந்து திறக்கும்வரை நாங்கள் வேனிலேயே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வருடம் கம்பெனியை மொத்தமாக மூடிவிட்டார்கள். வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். கடைசிவரை இருந்தவர்களுக்குச் சட்டப்படி உள்ள கொஞ்சப் பணம்தான் கிடைத்தது. சூப்பர்வைசரும் அதில் ஒருவர். அதற்குப் பிறகு அவர் சிங்கப்பூரில் ஏதோ வேலைக்குப் போவதாகச் சொன்னார்கள். தினமும் இருட்டோடு பஸ் ஏறிவிடுவாராம்.

அன்றைக்கு அவர் வேனில் உட்கார்ந்து அவ்வளவு கேள்வி கேட்டபோது, அவருக்கு எங்கள் வேன் ரொம்பப் பிடித்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.