கல்யாணத்துக்கு வாங்கிய வைன்

மகனின் கல்யாணத்தில் கேக்கோடு கொடுக்கவென்று, விடுமுறைக்குத் தம்பியிடம் பிரான்ஸ் போனபோது உள்ளூர் வைனை இரண்டு பிளாஸ்டிக் கேன்களில் மலிவாக நிரப்பிக்கொண்டு வந்தேன். "தனியே தூக்க ஏலாது, எயார்போட்டுக்கு வா" என்று மகனைக் கூப்பிட்டதும் நான்தான்.

அது சண்டைக் காலம். கொட்டாஞ்சேனை வீட்டுக்குத் திரும்பும் வழியில் சோதனைச்சாவடியில் நாங்கள் வந்த வான் வண்டியை மறித்தார்கள். கேனைத் திறந்து முகர்ந்த ஆமிக்காரன் சிரித்தான். பிறகு மகனின் அடையாள அட்டையைப் பார்த்தான். தலைப்பிரசவத்துக்கு என் மனைவி தாய்வீடு போயிருந்ததால், பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது.

"விசாரிச்சிட்டு விடுவாங்கள். நீங்க போங்க அப்பா, அம்மா பயந்திடுவா" என்றான் மகன்.

வைனைத் திருப்பித் தந்தார்கள். மகனை இன்றுவரை தரவில்லை.

கேன்கள் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. வைன் எப்போதோ புளித்துவிட்டது. ஒருநாள் கொட்டப் போனேன்.

"அவன் வந்து கேட்டா என்னெண்டு சொல்லுறது?" என்றாள் மனைவி.

திரும்ப மூடிவைத்தேன்.