சொந்தத்துக்குள் சுற்றும் நோய்: காஹாங் தோட்டத்தில் ஒரு பகல்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஜொகூர் பாருவிலிருந்து காரில் கிளம்பினேன். காஹாங் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். பின் இருக்கையில் ஆரஞ்சுப் பழங்களும் முறுக்கும் இருந்தன. பார்ப்பவர்களுக்கு நான் சொந்தம் பார்க்கப் போகிறவள். உண்மையில் நான் போனது நோயைத் தேடி.

என் மகள் நிஷாவுக்கு லூப்பஸ். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய். முகச் சிவப்பில் ஆரம்பித்தது, கண்டுபிடிப்பதற்குள் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றோம். காஹாங் பக்கத்துத் தோட்டத்தார் என்றதும் அவர் விடவில்லை, துருவினார். நாலைந்து குடும்பங்கள், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே, தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். நானும் என் கணவரும்கூட மாமன் மகள், அத்தை மகன்தான். இப்படி ஒதுங்கி வாழும் கூட்டத்தில் நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணுக்கள் வெளியே கலக்காமல் உள்ளேயே சுற்றலாம் என்றார். அவை இருந்தாலே நோய் வந்துவிடாது. ஆனால் யாருக்காவது அறிகுறி தெரிந்தால் தாமதிக்காமல் அழைத்து வாருங்கள் என்றார்.

குளுவாங்கில் காப்பி, தேங்காய்ப் பாலில் செய்த காயா ஜாம் தடவிய ரொட்டி. அங்கிருந்து மெர்சிங் போகும் சாலை. காஹாங் பட்டணம் தாண்டிச் செம்மண் பாதையில் திரும்பியதும் கைப்பேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. மழைக்குழிகளில் கார் குதித்த குதியில் பழங்கள் எல்லாம் கீழே உருண்டன.

பத்தரைக்கு நாத்தனார் புஷ்பா வீடு. அவள் மகள் லதா பரிமாறினாள். வரும் தை மாதம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மோகன், கடைசி வீட்டுக் கமலாவின் மகன். லதாவின் முகம் முழுக்க பெடாக் செஜுக், அரிசியில் செய்யும் அந்தக் குளிர்ச்சி மாவு, அப்பிக் கிடந்தது.

"வெயில் சூடு லா அண்ணி. இங்க எல்லாப் பொண்ணுங்களும் பெடாக் போடுறாங்க," என்றாள் புஷ்பா.

அவளையே துணைக்கு அழைத்துக்கொண்டு மூன்று வீடுகளுக்குப் போனேன். எல்லோரும் சோறு சாப்பிடச் சொன்னார்கள்; நோயைப் பற்றிக் கேட்டால் மட்டும் "எங்க வீட்ல இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெண் இருக்கும் வீட்டில் வியாதிப் பேச்சு ஆகாது. எனக்கு எரிச்சலாக வந்தது.

சாப்பாட்டுக்கு முன் லதா பின்புறக் குழாயில் முகம் கழுவினாள். மாவு கரைந்தது. மூக்கின் மேலும் இரண்டு கன்னங்களிலும் சிவப்பு படர்ந்திருந்தது. நிஷாவுக்கும் இப்படியேதான் இருந்தது.

"விரல் வலிக்குதாம்மா?"

"காலைல எந்திரிச்சா மடக்க முடியல அத்தை. காலும் வீங்குது."

புஷ்பா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். "மெதுவா பேசுங்க அண்ணி. மொதல்ல கல்யாணம் முடியட்டும். இது நின்னு போனா நீங்க பதில் சொல்வீங்களா?"

"கிட்னி நின்னு போனா யாரு பதில் சொல்றது? நிஷா மருந்து ஏத்திக்கிட்டுக் கெடக்குறா புஷ்பா!"

சொன்ன பிறகு எனக்கே அழுகை வந்துவிட்டது. லதாதான் துணிப்பையோடு வந்து காரில் ஏறினாள். என்னைத் திட்டிக்கொண்டே புஷ்பாவும் வீட்டைப் பூட்டிவிட்டு ஏறினாள். குளுவாங்கிலேயே மருத்துவமனையில் காட்டிவிடலாம் என்று முடிவு.

தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தின் கடைசி வீட்டு வாசலில் கமலா கை காட்டி நிறுத்தினாள்.

"கோயிலுக்குன்னு சொல்லுங்க," என்று முணுமுணுத்தாள் புஷ்பா.

"எங்க எல்லாரும் கெளம்பிட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் லதா கண்ணாடியை இறக்கினாள். "ஆஸ்பத்திரிக்கு அத்தை. மொகத்துல இது என்னன்னு பாக்க."

புஷ்பா கண்ணை மூடிக்கொண்டாள். கமலா குனிந்து அந்த மாவு பூசாத முகத்தையே பார்த்தாள். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பி, "தேவி! மொகத்தக் கழுவிட்டு வா!" என்று கத்தினாள். என்னிடம், "கொஞ்சம் நில்லுங்கக்கா. என் சின்னவளுக்கும் இப்படித்தான். அண்ணன் கல்யாணம் முடியட்டும்னு நானும் மூடி வச்சிருந்தேன்," என்றாள்.

ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் பெயர்கூட எனக்குத் தெரியாது. இங்கே எந்த வீட்டில் என்ன குழம்பு என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அப்படியும் இதை ஒருவருக்கொருவர் மறைத்திருக்கிறார்கள். இருவருக்கும் அதே நோய்தானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

தேவி முகம் கழுவிக்கொண்டு வந்து ஏறியதும் கார் செம்மண் பாதையில் கிளம்பியது. பின் இருக்கையில் லதாவும் தேவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.