மிலிட்டரி டாக்டரின் இடது காது

“நேரா நில்லுய்யா. ஜுரம் உனக்கா, உன் முதுகெலும்புக்கா?” என்று கேட்டுக்கொண்டே வேதாசலத்தின் தோளைப் பிடித்து நிமிர்த்துகிறார் டாக்டர் ஜீவானந்தம். காய்ச்சலில் உதறினாலும் வேதாசலம் கொடிக்கம்பம் போல நிற்க வேண்டும். நின்றால்தான் ஸ்டெதாஸ்கோப் நெஞ்சுக்கு வரும்.

சேலையூரில் அவருடைய கிளினிக்குக்குப் பெயர்ப்பலகை உண்டு. யாரும் படித்ததில்லை. ஆட்டோக்காரரிடம் ‘மிலிட்டரி டாக்டர்’ என்றால் போதும். ராணுவத்தில் இருந்தது சில வருடங்கள்தான். அதன் பிறகு இங்கே மூன்று தலைமுறைக்கு ஊசி போட்டாகிவிட்டது. இன்னமும் மாத்திரைக்கு ‘ரேஷன்’ என்றும், பத்தியத்துக்கு ‘ஆர்டர்’ என்றும்தான் பெயர். சர்க்கரைக்காரர் லட்டு தின்றது தெரிந்தால், தேசத்துரோகியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில், மருத்துவக் கூடாரத்துக்குப் பக்கத்தில் விழுந்த குண்டு அவருடைய இடது காதை வாங்கிக்கொண்டது. நான் முதன்முதலாகக் கேட்டபோது அந்தக் குண்டு ஒரு பர்லாங் தள்ளி விழுந்திருந்தது. வருடம் போகப் போக நெருங்கி வந்து, போன தீபாவளிக்குக் கூடார வாசலையே தொட்டுவிட்டது. வலது காதும் வயதால் மந்தமாகிக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மிஷின் வைக்கச் சொன்னால், “இந்தக் காது என் மெடல். மெடலுக்கு யாராவது பேட்டரி போடுவாங்களா?” என்பார்.

ஆகவே நோயாளிகள் கத்தினார்கள். வேதாசலத்தின் மூலவியாதியும் பாலுவின் மலச்சிக்கலும் கேம்ப் ரோடு வரைக்கும் தெரிந்த சமாச்சாரம். எனக்குத் தொடையில் கட்டி வந்தபோது மெதுவாகத்தான் சொன்னேன். டார்ச்சை எடுத்து, “தொண்டையா? வாயைத் திற” என்றார். பிறகு நானும் கத்தினேன். வெளியே வந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் ஆளுக்கொரு களிம்பு சொல்லி அனுப்பினார்கள்.

சந்திரிகாவின் விஷயம் தெரியும் வரை இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கைதான்.

சந்திரிகா தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு துணிக் கம்பெனியில் தைப்பவர். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு வந்திருக்கிறார். பெஞ்சு நிறையத் தெருக்காரர்கள். டாக்டர் “சத்தமா சொல்லும்மா” என்றதும், “உடம்பு வலி” என்று சொல்லி மாத்திரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதமும் உடம்பு வலிதான். அதற்கடுத்த தடவை டாக்டர் ஊசி எழுதினார். ஊசி போடத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போன நர்ஸ் லோகநாயகியிடம் சந்திரிகா உடைந்து அழுதுவிட்டார்.

டாக்டரை அதட்டக்கூடிய ஒரே ஆள் லோகநாயகி. நேராக அவருடைய வலது காதுக்குப் போனார். “சார், அந்தப் பொண்ணுக்கு மார்ல கட்டி கீது. மாசக்கணக்கா கீது. உங்களாண்ட கத்திச் சொல்ல வெக்கப்பட்டுகினு, உடம்பு வலின்னு சொல்லிட்டுப் போயிகினு கீது.”

டாக்டர் எழுந்து திரைக்குப் பின்னால் போனார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. “எல்லாரும் நாளைக்கு வாங்க” என்றார். “சார், எனக்கு மோஷன்...” என்று தொடங்கிய பாலு, அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். சந்திரிகாவையும் லோகநாயகியையும் தன் பழைய காரில் ஏற்றி, தெரிந்த அறுவை மருத்துவரிடம் டாக்டரே ஓட்டிப்போனார்.

திரும்பி வரும்போது காரில் நடந்ததை லோகநாயகி பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

“எனக்குக் காது கேக்கலைன்னு ஏம்மா யாரும் சொல்லல?” என்று கேட்டாராம் டாக்டர்.

“சொன்னோம் சார். நீங்கதான் கேக்கல.”

அந்த வாரமே போய் மிஷின் வாங்கிக்கொண்டார்.

சந்திரிகாவுக்கு ஆபரேஷன் நடந்தது. கீமோவுக்குப் போன நாளெல்லாம் வார்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார் டாக்டர். இன்னும் தள்ளிப்போயிருந்தால் கஷ்டம் என்று அறுவை மருத்துவர் அவரிடம் சொன்னாராம். மெடல் கதையை அதற்குப் பிறகு யாரும் கேட்டதில்லை. இப்போது சந்திரிகா மறுபடி வேலைக்குப் போகிறார். கொட்டிய முடி குட்டையாக முளைத்து வந்தபோது, “இதுதான்ம்மா சரியான மிலிட்டரி கட்டிங்” என்றார் டாக்டர். சந்திரிகா அன்று பெஞ்சு அதிரச் சிரித்தார்.

மிஷின் வந்ததில் எங்களுக்குத்தான் பேஜார். பழக்கதோஷத்தில் பாலு கத்தினால், “ஏன்யா அலர்ற, தாம்பரம் ஸ்டேஷன்ல அனவுன்ஸ்மென்ட்டா பண்ற?” என்கிறார். பெஞ்சில் யாரோ, “இன்னைக்குக் கிழவன் மூடு சரியில்ல” என்று முணுமுணுக்க, “கிழவன் மூடு நல்லாத்தான் இருக்கு, அடுத்த ஆளு வா” என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.

போன வாரம் போயிருந்தேன். அக்கினி வெயில். பெஞ்சில் எல்லோரும் துண்டால் விசிறிக்கொண்டிருந்தோம். உள்ளே ஒரு கல்லூரிப் பெண், மேஜையைப் பார்த்தபடி ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தினாள். டாக்டர், “மெதுவாவே சொல்லும்மா, அவசரமில்ல” என்றார். அவள் உதடு அசைந்தது. அவர் காதை அவள் பக்கம் திருப்பிப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். பிறகு எழுந்துபோய், தலைக்கு மேலே கடகடத்துக்கொண்டிருந்த ஃபேனை நிறுத்தினார். நாற்காலியை அவளருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, லோகநாயகியிடம் கதவைச் சாத்தச் சொல்லிக் கைகாட்டினார்.