அம்மனாகிப்போன வோட்டுக் கல்

பெண்களுக்கு வோட்டுக் கிடைத்ததன் நினைவாகக் கண்டியில் ஒரு கல் நிறுத்துவதென்று மாதர் சங்கம் முடிவு செய்தபோது, எழுத்து வெட்டும் வேலை என்னிடம் வந்தது. அதுவரை நான் கல்லறைக் கற்களில் மட்டுமே வெட்டியவன். செத்தவர்கள் குறை சொல்வதில்லை. அதனால் எனக்கு நல்ல பெயர்.

கடுகண்ணாவையிலிருந்து வண்டியில் வந்த கருங்கல்லை மஹய்யாவையில் என் பட்டறை வாசலில் நிறுத்தினோம். முதல் உளி வைக்குமுன் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். காட்டினேன். அன்றே காய்ச்சலில் விழுந்தேன். சில நாள் கழித்து எழுந்து போனால், கல் சிவப்புச் சேலை கட்டியிருந்தது. எலுமிச்சம்பழ மாலை வேறு.

"யாரு வச்ச அம்மன் இது?"

"நீங்கதானே குங்குமம் வச்சீங்க அண்ணே! அன்னிக்கே உங்கள காய்ச்சல்ல தள்ளிருச்சு. சக்தியுள்ள அம்மன்" என்றாள், தெருக்கூட்டும் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி.

எனக்கு மறுபடி காய்ச்சல் அடித்தது. சாமிமேல் உளி வைத்தவனுக்குக் கண் போகும் என்று கேட்டு வளர்ந்தவன் நான்.

சங்கத்துச் செயலாளரான யாழ்ப்பாணத்து டீச்சர் வந்து பார்த்தார். "எழுத்தில்லாத கல்லை என்னெண்டு திறக்கிறது? வெட்டுங்கோ."

"பொம்பளைங்க கல்லுதானே டீச்சர், அவங்களே வோட்டுப் போட்டுச் சொல்லட்டும்" என்றேன். தெருவே கும்பிடும் கல்லை வெட்டச் சொல்லி வோட்டுப் போட எந்தப் பெண்ணுக்குக் கை வரும்? கூலி போனாலும் கண் மிஞ்சும்.

தேர்தலில் வேட்பாளருக்கொரு நிறமாக வைத்த வோட்டுப் பெட்டிகளைப் போலவே, என் சுண்ணாம்பு வாளிகள் இரண்டுக்குத் துணி சுற்றினோம். சிவப்பு அம்மனுக்கு, பச்சை உளிக்கு. சீட்டுக்குப் பதில் சல்லிக்கல். தெருப் பெண்கள் வரிசையில் நின்று, முந்தானையால் கையை மறைத்துக்கொண்டு போட்டார்கள்.

பச்சை வாளியைத் தூக்கவே முடியவில்லை.

"நீயுமா?" என்றேன் பக்கத்து வீட்டுக்காரியிடம்.

"பின்னே? நாங்க வோட்டு வாங்குனத எழுத வேணாமா? அம்மாளுக்கு வேற கல்லு பாத்துக்கலாம்." சேலையை அவளே அவிழ்த்து மடித்தாள். "அடிங்க அண்ணே. கண்ணு போனா நான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

பிறகு எல்லாரும் கும்பிட்டபடி பின்னால் நகர்ந்தார்கள், டீச்சரும்தான்.

ஒரு கண்ணையாவது மிச்சம் பிடிப்போம் என்று இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு அடித்தேன். கடைசி எழுத்து முடியும்வரை அதைத் திறக்கவில்லை. வரிகள் இன்றும் வலப்பக்கம் சரிந்துதான் நிற்கின்றன.