சரக்குப் பெட்டியில் பன்னிரண்டு வருடம்

"லைன் கிளியர்!" என்று சொன்ன பிறகுதான் மாஸ்டர் பொத்தானை அமுக்குவார். பல் துலக்குவதற்கு முன்பே கணினி முன் உட்கார்ந்து, பொம்மை ரயில் பைத்தியங்கள் அனுப்பிய பதிவுகளைப் படித்து, ஒவ்வொன்றாகத் தம் இணையதளத்தில் ஏற்றி, வாயாலேயே ஒரு விசிலும் கொடுப்பார். பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். தளத்தில் எல்லாருக்கும் ஸ்டேஷன் மாஸ்டர். "பொம்மை ரயில்னு சொல்லாதீங்க, மாதிரி ரயில்" என்று திருத்துவார். நமக்குத்தான் அது வாயில் வரமாட்டேன் என்கிறது.

சண்டை மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. ரயிலின் கடைசிப் பெட்டிக்குப் பச்சை அடிப்பதா, பழுப்பு அடிப்பதா என்று தளத்தில் எழுதும் ஒரு பல் டாக்டரும் ஒரு தையல்காரரும் மூன்று வருடமாக மல்லுக்கட்டுகிறார்கள். "இது ஸ்டேஷன்யா, சந்தைக்கடை இல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்கள் பதிவில் பாதியை வெட்டி எறிவார்.

தளத்தின் முழு நகலை ஒரு மெமரி கார்டில் ஏற்றி, வீட்டு மேசைமேல் ஓட்டும் பொம்மை ரயிலின் சரக்குப் பெட்டி ஒன்றில் வைத்திருந்தார். "சரக்குன்னா பெட்டியிலதானே போகணும்?" என்றார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டார்.

அடித்துக்கொண்டது சரிதான். போன மாதம் பல் டாக்டர் ஒரு கண்காட்சிக்காக அந்தப் பெட்டியை இரவல் கேட்டார். அதற்கு முதல் நாள்தான் புது நகல் எடுத்து உள்ளே வைத்திருந்த மாஸ்டர், அதைச் சுத்தமாக மறந்து, பெட்டியை அப்படியே தபாலில் அனுப்பிவிட்டார். மறுவாரமே, தளத்தை வைத்திருந்த கம்பெனியின் இயந்திரம் புகைந்துபோனது. பன்னிரண்டு வருடப் பதிவுகள், வயரிங் படங்கள், தளத்து நண்பராக இருந்து போன வருடம் இறந்துபோன ஒரு தச்சர் தீக்குச்சியால் கட்டிய பாலத்தின் படங்கள், எல்லாம் போச்சு.

பெட்டிக்குள் வைத்த நகல் அப்போதுதான் நினைவுக்கு வர, மாஸ்டர் அலறியடித்து டாக்டருக்குப் போன் செய்தார்.

"உங்க பெட்டி வெயிட்டே இல்ல மாஸ்டர், வளைவுல தடம் புரண்டுச்சு. உள்ள கார்டு ஒண்ணு கெடந்துச்சு. நீங்க எடைக்கு வச்சதாக்கும்னு நெனச்சு, அது மேலயே ஈயத்தை வச்சு ஒட்டிட்டேன்."

"ஒட்டிட்டீங்களா! டாக்டர், என் உயிரே அதுலதான் இருக்கு!"

"பதறாதீங்க. சொத்தைப் பல்லையே எடுக்கறேன், இதை எடுக்க மாட்டேனா?"

மறுநாள் டாக்டர் பெட்டியோடும் தம் கருவிகளோடும் வந்து இறங்கினார். சாப்பாட்டு மேசையில் விளக்கைச் சாய்த்து, பசையைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தார். மாஸ்டர் பக்கத்தில் நிற்க முடியாமல் சமையலறைக்கும் மேசைக்குமாக நடந்தார். கார்டு ஒரு கீறலும் இல்லாமல் வந்தது. கணினியில் சொருகியதும் முதலில் தச்சரின் பாலத்தைத்தான் தேடினார். இருந்தது. "அப்பாடா!" என்று நாற்காலியில் சரிந்தவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"இனிமே ஒரு நகல் என் பீரோவுல இருக்கும், சொல்லிட்டேன்" என்றார் மனைவி. மாஸ்டர் பூம்பூம் மாடுபோலத் தலையாட்டினார்.

சாயங்காலம் தளம் மறுபடி திறந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த டாக்டர் செல்போனைத் தட்டினார். முதல் பதிவு வந்து விழுந்தது: 'கடைசிப் பெட்டி பச்சைதான். மாஸ்டர், தையல்காரருக்கு முதல்ல ஒரு நல்ல கண்ணாடி போடுங்க.'

மாஸ்டரின் விரல் பழக்கதோஷத்தில் அழிக்கும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு ஓர் எழுத்தைக்கூட வெட்டாமல், "லைன் கிளியர்!" என்று அமுக்கிவிட்டு, உதட்டைக் குவித்து நீளமாக ஒரு விசில் கொடுத்தார்.