பேட்டரி இல்லாத படகு

பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா எழுந்து போயிடுற ஆளுங்க நான். கரண்டு வேலை பாக்குறவன். வயர்ல கரண்டு வந்தா ஓடும், வரலைன்னா ஓடாது, எனக்குத் தெரிஞ்ச உலகம் அவ்வளவுதான். நீங்க நம்பலைன்னாலும் பரவாயில்ல, கேட்டுட்டுச் சிரிங்க.

சார்ஜாவுல படகுப் பட்டறையில இருந்துட்டு லீவுல அதிராம்பட்டினம் வந்திருந்தேன். செல்போன் எல்லாம் வராத காலம். எங்க தெரு சலீம் காக்கா, அண்ணனை நாங்க காக்கான்னுதான் கூப்பிடுவோம், அவரும் துபாய்ல இருந்து திரும்பினவர்தான், சம்பாதிச்சதையெல்லாம் போட்டு ஒரு பழைய ஃபைபர் படகு வாங்கியிருந்தாரு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைச் சுத்திக் காட்டலாம்னு. அதுல எஞ்சின் உள்ள இருக்கும், ஃபேன் மாட்டின காலு மட்டும் பின்னால வெளியில தொங்கும். ஆழம் கம்மியான இடத்துல பட்டனை அமுக்கினா, உள்ள ஒரு குட்டி மோட்டார் ஓடி அந்தக் காலைத் தூக்கிவிடும். ட்ரிம்னு சொல்லுவோம். அது வாங்கினப்பவே படுத்துக் கிடந்துச்சு, படகும் சேத்துல மாட்டிக்கிச்சு.

"தம்பி, உன்னை விட்டா இங்க யாருக்கும் இது தெரியாதுப்பா"ன்னாரு காக்கா.

போய்ப் பாத்தா, பட்டனை அமுக்கினா, மோட்டாருக்குக் கரண்டு விடுற ரிலே டிக்குங்குது, மோட்டார் அசைய மாட்டேங்குது. பேட்டரி வீக்கா இருக்கும்னு நெனச்சு அதைக் கழட்டிக் குடுத்து, "வேற நல்லதா ஒண்ணு கொண்டாங்க காக்கா"ன்னேன். ரெண்டு பேருமா காலைக் கயித்தால இழுத்துத் தூக்கி, ஒரு சவுக்குக் கட்டையை முட்டுக் குடுத்தோம். அவரு பேட்டரியோட வள்ளத்துல கரைக்குப் போயிட்டாரு.

நல்ல மத்தியானம். இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு, அந்த எஞ்சின் காலுக்கும் படகுக்கும் நடுவுல இருக்கிற சந்துல கையை விட்டு, வயர் எங்கயாவது அரிச்சிருக்கான்னு தடவிப் பாத்துக்கிட்டிருந்தேன். முட்டு வழுக்கிச்சு. மொத்தக் காலும் இறங்கி என் வலது மணிக்கட்டைக் கவ்விக்கிச்சு.

கத்தினேன், யாருக்குக் கேக்கும், கொக்குதான் பறந்துச்சு. கீழ சேறு வேற உள்ள இழுக்குது, நான் இறங்க இறங்க என் பாரம் பூரா அந்த மணிக்கட்டுல. விரல் மரத்துப் போச்சு. வலது கை இல்லாதவனை எந்தப் பட்டறையில சேத்துக்குவான்? அதை நெனச்சுத்தான் அழுதேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன்.

அப்பத்தாங்க உள்ள மோட்டார் ஓடுற சத்தம். கிர்ர்ர்னு, நிதானமா. எஞ்சின் காலு தானா மேல தூக்குது. கையை உருவிக்கிட்டேன், சத்தம் நின்னுச்சு. முட்டு இல்லை, கயிறு இல்லை, காலு அப்படியே நிக்குது.

எப்படியோ படகுல ஏறிப் பாத்தேன். ஒரு ஈ எறும்பு இல்லை. பேட்டரி இருந்த இடம் காலி, ரெண்டு வயரும் அந்தரத்துல தொங்குது. எஞ்சின் மூடியைத் தூக்கி மோட்டாரைத் தொட்டேன், ஓடி முடிச்ச மோட்டார் மாதிரிச் சுட்டுச்சு.

காக்கா வந்து படகுல கால் வெச்சாரு பாருங்க, தூக்கி நின்ன எஞ்சின் காலு மெதுவா, யாரோ பிடியை விட்ட மாதிரி, கீழ இறங்கிடுச்சு. அவரு என் முகத்தைப் பாத்தாரு, வீங்கின கையைப் பாத்தாரு. "அல்லாஹ் காப்பாத்தினான்"னு சொல்லிக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. புது பேட்டரி மாட்டியும் டிக் சத்தம்தான். எலும்பு முறியலைன்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கு ராத்திரி அதே கையால சோறு பிசைஞ்சு சாப்பிட்டப்ப வந்த நிம்மதி இருக்கே, அதைச் சொல்லித் தீராதுங்க.

மறுநாள் மோட்டாரைக் கழட்டிப் பட்டுக்கோட்டையில காயில் கட்டுற கடைக்குக் கொண்டு போனோம். கடைக்காரர் பிரிச்சுப் பாத்துட்டுச் சுத்தியலால தட்டினாரு. அசையலை. உள்ள பூரா துரு பிடிச்சு ஒரே கட்டியா இறுகிக் கிடக்கு. "இது சுத்தி வருஷக்கணக்குல ஆயிருக்குமே, இதையா ஓட்டிப் பாத்தீங்க?"ன்னாரு. காக்கா என்னைப் பாத்தாரு.

வேற மோட்டார் போட்டோம், படகு நல்லா ஓடிச்சு, நானும் சார்ஜா திரும்பிட்டேன். இப்பவும் ட்ரிம் ரிப்பேர்னு ஒரு படகு வந்தா முதல்ல மோட்டாரைத் தொட்டுப் பாப்பேன். ஜில்லுன்னு இருந்தாத்தான் கை வைப்பேன். ஒரே ஒரு தடவை, பேட்டரியைக் கழட்டி ரொம்ப நாளாத் தரையில ஏத்தி நிறுத்தி வெச்சிருந்த படகுல, அது சுட்டுச்சு. மூடியைச் சாத்திட்டு இறங்கினவன்தான், அந்தப் படகை வேற ஆளுதான் பாத்தான்.